கீமோ மாவட்டத்துக்கே வந்தாச்சு... பத்தாம் நாள் காய்ச்சலுக்கு யாரைக் கூப்பிடுவது?

21 நாளுக்கு ஒருமுறை கீமோ. மார்பகப் புற்றுநோய், நுரையீரல் புற்றுநோய் என்று பலருக்கும் எழுதித் தரப்படும் வழக்கமான அட்டவணை இது. இதில் ஆஸ்பத்திரியில் உட்கார்ந்து டிரிப்ஸ் ஏற்றிக்கொள்வது பெரும்பாலும் ஒரே ஒரு நாள். மீதி 20 நாளும் வீட்டில்தான்.

அந்த ஒரு நாளைக்கு டாக்டர் இருக்கிறார், நர்ஸ் இருக்கிறார், காப்பீட்டு அப்ரூவல் இருக்கிறது, மருந்தின் அளவை மில்லிகிராம் சுத்தமாகக் கணக்குப் போடுகிறார்கள். அந்த 20 நாளைக்கு? ஒரு ஃபைல், ஒரு கவர் மாத்திரை, 'ஏதாவதுன்னா வாங்க' என்று ஒரு வரி. பல குடும்பங்களுக்குக் கிடைப்பது அவ்வளவுதான்.

ஆனால் கீமோவின் ஆபத்தான பக்கவிளைவுகளில் பல, அந்த 20 நாளில்தான் வருகின்றன.

புற்றுநோய் சிகிச்சையை மாவட்டங்களுக்குக் கொண்டு போகிறோம். ரொம்ப நல்ல விஷயம். ஆனால் மருந்து ஏற்றும் நாற்காலியை மட்டும் கொண்டு போய் வைத்துவிட்டு, பக்கவிளைவைக் கவனிக்கும் ஏற்பாட்டைப் பெருநகரத்திலேயே விட்டுவிட்டால், ஊருக்குப் போய்ச் சேர்வது பாதி சிகிச்சைதான் என்பது என் கருத்து.

'எனக்கு 28 வயசு, இது எனக்கெதுக்கு' என்று ஸ்க்ரோல் செய்யப் போகிறீர்களா? ஒரு நிமிஷம். ஊரில் அம்மாவுக்கு கீமோ, சென்னையிலோ பெங்களூரிலோ பிள்ளைக்கு வேலை. நம் தலைமுறையில் இது சர்வ சாதாரணமான குடும்பக் கதை. ராத்திரி 11 மணிக்கு அப்பா போன் பண்ணி, 'அம்மாவுக்கு உடம்பு கொதிக்குதுப்பா, டோலோ குடுக்கட்டுமா?' என்று கேட்டால், பதில் சொல்ல வேண்டியது நீங்கள்தான்.

மாவட்டத்துக்கு வருவது ஏன் நல்ல செய்தி?

இந்தியாவில் 2022-ம் ஆண்டில் மட்டும் சுமார் 14.6 லட்சம் பேருக்குப் புதிதாகப் புற்றுநோய் வந்திருக்கும் என்பது இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சிலின் மதிப்பீடு. இத்தனை பேரையும் சில பெரிய மருத்துவமனைகள் மட்டும் பார்க்கவே முடியாது.

தமிழ்நாட்டில் கேன்சர் என்றாலே அடையாறு என்று சொல்லும் பழக்கம் இன்றும் இருக்கிறது. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியில் 1954-ல் தொடங்கிய அடையாறு புற்றுநோய் மையமும், பிறகு அதை வளர்த்தெடுத்த டாக்டர் சாந்தாவும் சம்பாதித்த நம்பிக்கை அது. ஆனால் ராமநாதபுரத்திலிருந்தோ தர்மபுரியிலிருந்தோ ஒவ்வொரு சைக்கிளுக்கும் சென்னை வந்து போவது என்றால்? பஸ், ரூம் வாடகை, கூட வரும் அட்டெண்டரின் கூலி இழப்பு என்று ஆறு சைக்கிள் முடிவதற்குள் கடன் ஏறிவிடும். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சைச் செலவைப் பார்த்துக்கொள்கிறது. பஸ் டிக்கெட்டும் ஒரு வாரக் கூலியும் அந்தக் கணக்கில் வராது.

அதனால்தான் 2025-26 மத்திய பட்ஜெட்டில் வந்த ஓர் அறிவிப்பு முக்கியமானது. மூன்று ஆண்டுகளில் எல்லா மாவட்ட மருத்துவமனைகளிலும் டே கேர் கேன்சர் மையங்கள், அவற்றில் 200 மையங்கள் அந்த நிதியாண்டிலேயே என்று அறிவித்தார்கள். டே கேர் என்றால் காலையில் வந்து, மருந்து ஏற்றிக்கொண்டு, சாயங்காலம் வீட்டுக்குப் போய்விடலாம்.

சிகிச்சைத் திட்டத்தைப் பெரிய மையத்தின் நிபுணர் வகுக்கிறார். பக்கத்து ஊர் ஜி.ஹெச்.சில் மருந்து ஏற்றுகிறார்கள். ஏற்பாடு நன்றாகத்தான் இருக்கிறது. நோயாளி வீட்டுக்குப் போன பிறகு என்ன நடக்கிறது என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

பக்கவிளைவுக்கும் ஒரு காலண்டர் உண்டு

வழக்கமான கீமோ மருந்துகள் வேகமாகப் பெருகும் செல்களைத் தாக்குகின்றன. புற்றுநோய் செல் வேகமாகப் பெருகும். ஆனால் முடி வேர், வாய்க்குள் இருக்கும் தோல், குடலின் உள்சுவர், எலும்பு மஜ்ஜையில் உருவாகும் ரத்த அணுக்கள் ஆகியவையும் வேகமாகப் பெருகுபவைதான். அடி அவற்றுக்கும் விழுகிறது.

மருந்துக்கு மருந்து மாறினாலும், மூன்று வாரத்துக்கு ஒருமுறை தரப்படும் பல கீமோக்களில் இந்த அடி ஏறக்குறைய ஒரே வரிசையில் தெரியும்.

முதல் சில நாட்கள் குமட்டல், வாந்தி. அதைத் தடுக்கத் தரும் ஒண்டான்செட்ரான் மாத்திரையால் மலச்சிக்கல் வரலாம். கூடவே தரும் டெக்ஸாமெத்தசோன் ஒரு ஸ்டீராய்டு. சர்க்கரை நோயாளி என்றால் அந்த நாட்களில் சுகர் எகிறும். வாந்திக்குத்தானே மாத்திரை, சுகரை எதற்குப் பார்க்கணும் என்று பலரும் பார்ப்பதே இல்லை.

அடுத்து, முதல் வாரக் கடைசியில் வாய்ப்புண் தலைகாட்டும். சோறு உள்ளே போகாது. தண்ணீர்கூட எரியும்.

ஏழாம் நாளிலிருந்து பதினான்காம் நாள் வரை ரத்தத்தில் வெள்ளை அணுக்கள் மிகக் கீழே இறங்கும் காலம். 'கவுன்ட் குறைஞ்சிடுச்சு' என்று சொல்வார்களே, அது இதைத்தான். வெளியே பார்த்தால் ஆள் தேறி வருவது போலவே இருக்கும். வாந்தி நின்றிருக்கும், கொஞ்சம் சாப்பிட ஆரம்பித்திருப்பார், சொந்தக்காரர்கள் பார்க்க வருவார்கள். உள்ளே எதிர்ப்பு சக்தி அடிமட்டத்தில் இருக்கும்.

இரண்டு, மூன்று வாரத்தில் முடி கொட்டும். பார்க்கிறவர்கள் பதறுவது இதற்குத்தான். ஆனால் உயிருக்கு ஆபத்து முடியில் இல்லை.

இவை தவிர மருந்துக்கே உரிய விஷயங்களும் உண்டு. டாக்ஸோரூபிசின் ஏற்றிய பிறகு ஓரிரு நாள் சிறுநீர் சிவப்பாகப் போகலாம். அது மருந்தின் நிறம். முன்பே சொல்லிவிட்டால் யாரும் பயப்பட மாட்டார்கள். ஆக்ஸாலிபிளாட்டின் ஏற்றியவர் ஃப்ரிட்ஜ் பாட்டிலைத் தொட்டால் விரலில் ஷாக் அடித்த மாதிரி இருக்கும். கேப்சிடபின் மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு உள்ளங்கையும் பாதமும் சிவந்து உரியலாம். பாத்திரம் தேய்க்கும், அடுப்படியில் நிற்கும் அம்மாக்களுக்கு இது தினசரி வேதனை.

இவற்றில் பெரும்பாலானவை எப்போது வரும் என்று முன்கூட்டியே தெரியும். அப்படியிருக்க, வீட்டுக்காரர்களுக்கு அந்தக் காலண்டரை ஏன் எழுதித் தருவதில்லை?

காய்ச்சல் மட்டும் வேற கேஸ்

மேலே சொன்ன பட்டியலில் காய்ச்சலைத் தனியாக எடுத்து வைத்திருக்கிறேன். காரணம் இருக்கிறது.

நியூட்ரோபில் என்ற வெள்ளை அணுதான் பாக்டீரியாவை முதலில் எதிர்க்கும் படை. சாதாரணமாக ஒரு மைக்ரோலிட்டர் ரத்தத்தில் 1,500-க்கு மேல் இருக்கும். கீமோவுக்குப் பிறகு அது 500-க்குக் கீழே போய், கூடவே காய்ச்சலும் வந்தால் அது மருத்துவ அவசரநிலை. கிருமி ரத்தத்தில் பரவி, ரத்த அழுத்தம் இறங்கி, சில மணி நேரத்தில் உயிருக்கே ஆபத்தாகலாம்.

எவ்வளவு காய்ச்சல்? 100.4 டிகிரி ஃபாரன்ஹீட். சாதாரண நாளில் நாம் கண்டுகொள்ளாத சூடு அது. கீமோ எடுப்பவருக்கு அதுவே ஆஸ்பத்திரிக்குக் கிளம்புவதற்கான கோடு. குளிர் நடுக்கம் இருந்தாலோ, திடீரென ஆள் சோர்ந்து பேச்சு தடுமாறினாலோ, தெர்மாமீட்டர் என்ன காட்டினாலும் கிளம்ப வேண்டும். வயதானவர்களுக்கும் ஸ்டீராய்டு எடுப்பவர்களுக்கும் காய்ச்சலே இல்லாமல் தொற்று முற்றுவது உண்டு.

ஆஸ்பத்திரி வாசலை மிதித்த ஒரு மணி நேரத்துக்குள் முதல் ஆன்டிபயாடிக் ஊசி ஏற வேண்டும். உலகம் முழுக்க வழிகாட்டுதல்கள் வைத்திருக்கும் இலக்கு இது. ரத்தப் பரிசோதனை முடிவுக்காக ஊசியைத் தள்ளிப்போடக் கூடாது.

இப்போது நம்மூரில் என்ன நடக்கும் என்று யோசித்துப் பாருங்கள். முதலில் வீட்டில் ஒரு பாராசிட்டமால். சூடு இறங்கும், மனசும் இறங்கும். மாத்திரை காய்ச்சலைத்தான் மறைத்தது, தொற்று உள்ளே அப்படியே இருக்கிறது. மறுநாள் தெருமுனை கிளினிக்கில் ஓர் ஊசி. மூன்றாம் நாள் நிலைமை மோசமானதும் ஆட்டோ பிடித்து ஜி.ஹெச். கேஷுவாலிட்டி. அங்கே ராத்திரி டூட்டியில் இருக்கும் இளம் டாக்டருக்கு இவர் கீமோ நோயாளி என்று யாராவது சொன்னால்தான் தெரியும். ஃபைல் வீட்டு பீரோவில் இருக்கும். கீமோ கொடுத்த டாக்டர் ஓபி நேரத்தில் மட்டும்தான் கிடைப்பார்.

இதில் யாரையும் வில்லனாக்க முடியாது. பாராசிட்டமால் கொடுத்த அப்பா, ஊசி போட்ட கிளினிக் டாக்டர், டூட்டி டாக்டர் மூவரும் தங்களுக்குத் தெரிந்ததைத்தான் செய்தார்கள். இவர்கள் மூவரையும் இணைக்க ஒரு போன் நம்பர் இல்லாமல் போனதில்தான் மூன்று நாள் வீணானது.

'கீமோன்னா அப்படித்தான்' என்கிற பழக்கம்

காய்ச்சலாவது பயமுறுத்தும். மற்ற பக்கவிளைவுகளை நாம் பொறுத்துக்கொள்ளவே பழகிவிட்டோம்.

'கீமோன்னா அப்படித்தான் இருக்கும், தாங்கிக்கணும்' என்று சொல்லாத வீடு உண்டா? நோயாளிகளும் சொல்வதில்லை. சொன்னால் மருந்தை நிறுத்திவிடுவார்களோ என்று பயம். ஓபியில் பின்னால் ஐம்பது பேர் நிற்கும்போது, வாய்ப்புண்ணைப் பற்றிப் பேசக் கூச்சம். 'எப்படி இருக்கீங்கம்மா?' என்றால் 'பரவாயில்ல டாக்டர்' என்று முடித்துவிடுவார்கள். கை கால் மரத்துப்போய் சட்டை பட்டன் போட முடியவில்லை என்பது நாலாவது சைக்கிளில்தான் வெளியே வரும்.

சொன்னால் மட்டும் என்ன மாறப்போகிறது என்று கேட்கலாம். நியூயார்க்கின் மெமோரியல் ஸ்லோன் கெட்டரிங் மருத்துவமனையில் பரவிய புற்றுநோய்க்கு கீமோ எடுத்த 766 பேரை வைத்து ஓர் ஆய்வு நடந்தது. ஒரு குழுவினர் வாந்தி, வலி, சோர்வு என்று 12 அறிகுறிகளை ஆன்லைனில் பதிவு செய்தார்கள். மோசமானால் நர்ஸுக்கு உடனே தகவல் போகும். இன்னொரு குழுவுக்கு வழக்கமான கவனிப்பு. 2017-ல் முடிவு வந்தது. பதிவு செய்த குழுவின் சராசரி ஆயுட்காலம் 31.2 மாதம். மற்ற குழுவுக்கு 26 மாதம். இத்தனைக்கும் புது மருந்து எதுவும் கொடுக்கவில்லை. கேட்டார்கள், கேட்டதற்கு உடனே ஏதாவது செய்தார்கள்.

முழுக் கதையையும் சொல்லிவிட வேண்டும். அதே ஆய்வாளர்கள் பிறகு பெரிய பல்கலைக்கழக மருத்துவமனைகளுக்கு வெளியே, அமெரிக்காவின் 52 உள்ளூர் புற்றுநோய் மருத்துவமனைகளில் 1,191 பேரை வைத்து இதைச் செய்து பார்த்தார்கள். ஆயுட்காலத்தில் அந்த வித்தியாசம் வரவில்லை. ஆனால் நோயாளிகளின் உடல் இயக்கமும் வாழ்க்கைத் தரமும் மேம்பட்டன. அவசர சிகிச்சைக்கு ஓட வேண்டிய நிலையும் தள்ளிப்போனது. ஆயுள் கூடும் என்று நான் வாக்குறுதி தரவில்லை. எமர்ஜென்சிக்கு ஓடுவது குறையும், வீட்டில் இருக்கும் நாட்கள் வாழ்கிற மாதிரி இருக்கும் என்று மட்டும் தைரியமாகச் சொல்லலாம். அதுவே போதாதா?

குணமாக்கும் நோக்கில் தரப்படும் கீமோவில் இதற்கு இன்னொரு முகமும் உண்டு. இத்தாலியின் மிலன் நகரில் மார்பகப் புற்றுநோய் அறுவை சிகிச்சைக்குப் பின் கீமோ எடுத்த பெண்களை மருத்துவர்கள் 20 ஆண்டுகள் பின்தொடர்ந்தார்கள். 1995-ல் வெளியான முடிவின்படி, திட்டமிட்ட மருந்தில் 85 சதவீதமாவது எடுத்துக்கொண்டவர்களுக்குத்தான் நல்ல பலன். 65 சதவீதத்துக்கும் குறைவாக எடுத்தவர்களின் நிலை, கீமோவே எடுக்காதவர்களின் நிலையைப் போலத்தான் இருந்தது.

இதை நம் ஊருக்குப் பொருத்திப் பாருங்கள். வாந்தி தாங்காமல் ஒருவர் மூன்றாவது சைக்கிளோடு நின்றுவிடுகிறார். பதிவேட்டில் அவர் 'சிகிச்சையைக் கைவிட்டவர்'. அவர் கைவிட்டாரா, அவரை நாம் கைவிட்டோமா?

தீர்வுகள் காஸ்ட்லியா என்ன?

'இதெல்லாம் பணக்கார நாட்டு சமாச்சாரம்' என்று ஒதுக்க முடியாதபடி, நம் நாட்டு மருத்துவர்களே பதில் கண்டுபிடித்து வைத்திருக்கிறார்கள்.

கேப்சிடபினால் உள்ளங்கை உரியும் என்று சொன்னேன் இல்லையா? டெல்லி எய்ம்ஸ் மருத்துவர்கள் 1 சதவீத டைக்ளோஃபினாக் ஜெல்லைத் தடவச் சொல்லிச் சோதித்தார்கள். முட்டி வலிக்கு மெடிக்கலில் வாங்குவோமே, அந்த ரகம்தான். 2024-ல் வெளியான முடிவில், சும்மா ஜெல் தடவியவர்களில் 15 சதவீதம் பேருக்குத் தொந்தரவு தரும் அளவில் கை, கால் பாதிப்பு வந்தது. டைக்ளோஃபினாக் தடவியவர்களில் 3.8 சதவீதம் பேருக்குத்தான்.

வாந்திக்கு இன்னோர் உதாரணம். ஓலன்சபின் என்ற மனநல மருந்து, கடுமையான வாந்தி தரும் கீமோக்களில் நன்றாக வேலை செய்கிறது. ஆனால் வழக்கமான 10 மில்லிகிராமில் பகலெல்லாம் தூக்கம் தள்ளும். மும்பை டாடா நினைவு மருத்துவமனையினர் 2.5 மில்லிகிராமைச் சோதித்தார்கள். வாந்தியை அடக்குவதில் அது சளைக்கவில்லை, தூக்கக் கலக்கமும் குறைவு என்பது முடிவு.

வாய்ப்புண்ணுக்கு உப்பும் சமையல் சோடாவும் கலந்த வெதுவெதுப்பான தண்ணீரில் கொப்பளிக்கச் சொல்வார்கள். இதற்கு எந்த காப்பீட்டு அப்ரூவலும் வேண்டாம்.

ஆக, மருந்தும் அறிவும் கைவசம் இருக்கின்றன. மாவட்ட டே கேர் வார்டிலிருந்து கிளம்பும் நோயாளியின் கைக்கு அவை முறையாக வந்து சேர்கின்றனவா என்பதுதான் கேள்வி.

அப்போ என்னதான் வேணும்?

மூன்றே மூன்று விஷயம்.

ஒன்று, எடுக்கப்படும் ஒரு போன் நம்பர். 24 மணி நேரமும். பிரிட்டனின் என்.ஹெச்.எஸ். மருத்துவமனைகளில் கீமோ தொடங்கும்போதே இப்படியொரு உதவி எண்ணைத் தருகிறார்கள். போனை எடுக்கும் நர்ஸ் கையில் சிவப்பு, மஞ்சள், பச்சை என்று பிரித்த ஒரு பட்டியல் இருக்கும். சிவப்பு என்றால் இப்போதே கிளம்புங்கள். மஞ்சள் என்றால் மறுபடியும் கூப்பிட்டு விசாரிப்பார்கள். பச்சை என்றால் வீட்டிலேயே என்ன செய்வது என்று சொல்லித் தருவார்கள்.

இரண்டு, பர்ஸில் வைக்கும் அளவில் ஓர் அட்டை. அதில் நோயாளி பெயர், கீமோ மருந்தின் பெயர், கடைசியாக ஏற்றிய தேதி. கீழே கொட்டை எழுத்தில் தமிழில், 'இவர் கீமோ எடுப்பவர். காய்ச்சல் இருந்தால் அவசரம். ஒரு மணி நேரத்துக்குள் ஆன்டிபயாடிக்'. கேஷுவாலிட்டியில் அட்டையை நீட்டினாலே போதும், கதை சொல்லிப் புரியவைக்க வேண்டியதில்லை.

மூன்று, அந்தக் கேஷுவாலிட்டியில் ஒரு பக்க வழிமுறை. எந்த ஊசி, எவ்வளவு, யாரைக் கூப்பிடணும் என்று சுவரில் ஒட்டியிருக்க வேண்டும். தாலுகா ஆஸ்பத்திரி வரைக்கும்.

இதை வீடு வரை கொண்டுபோக தமிழ்நாட்டிடம் ஏற்கெனவே ஆள்பலம் இருக்கிறது. 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில், பி.பி., சுகர் மாத்திரைகளைத் தன்னார்வலர்கள் வீட்டுக்கே கொண்டு போய்த் தருகிறார்கள். வலி தணிப்பு சிகிச்சையும் அதில் உண்டு. அதே தெருவில் கீமோ எடுக்கும் ஒருவர் இருந்தால், பத்தாம் நாள் அவர் வீட்டுக் கதவைத் தட்டி 'காய்ச்சல் பார்த்தீங்களாக்கா, சாப்பாடு இறங்குதா?' என்று கேட்க எத்தனை நிமிஷம் ஆகும்? 104 மருத்துவ உதவி எண்ணும் ஏற்கெனவே இயங்குகிறது. கீமோ நோயாளிகளுக்கான அந்த மூவண்ணப் பட்டியலை அதில் சேர்ப்பது புதுக் கட்டடம் கட்டும் வேலை இல்லை.

'ஆளே இல்லையே' என்றால்?

எதிர்வாதங்களும் நியாயமானவைதான். இருக்கிற நர்ஸ்களுக்கே மூச்சு விட நேரமில்லை, போனை யார் எடுப்பது? ஒவ்வொரு ஏப்பத்துக்கும் கூப்பிட மாட்டார்களா?

கூப்பிடுவார்கள். முதல் சைக்கிளில் நிறையவே கூப்பிடுவார்கள். ஆனால் அந்தக் கேள்விகள் இப்போதும் எங்கேயோ கேட்கப்பட்டுக்கொண்டுதான் இருக்கின்றன. மெடிக்கல் ஷாப் அண்ணனிடம், யூடியூப்பில், 'பப்பாளி இலைச் சாறு குடிச்சா கவுன்ட் ஏறும்' என்று ஃபார்வர்டு செய்யும் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில். பயிற்சி பெற்ற ஒரு நர்ஸிடம் கேட்டால் பதில் சரியாக இருக்கும், அவ்வளவுதான் வித்தியாசம். மாவட்டத்துக்கு ஒரு எண் முடியாவிட்டால் மண்டலத்துக்கு ஒன்று வைக்கலாம். ஒரு தொற்று ஐ.சி.யூ. வரை போனால் எத்தனை நர்ஸ்களின் எத்தனை ராத்திரிகள் போகும் என்று கணக்குப் போட்டால், போன் எடுப்பது லாபமாகவே இருக்கும்.

'அப்படியென்றால் தயாராகும்வரை மாவட்டத்தில் கீமோவே வேண்டாம்' என்பது இன்னொரு வாதம். இதை நான் ஏற்கவில்லை. சென்னையில் கீமோ எடுத்துவிட்டு ராமநாதபுரம் திரும்பினாலும் பத்தாம் நாள் காய்ச்சல் ராமநாதபுரத்தில்தான் வரும். உள்ளூர் கேஷுவாலிட்டி எப்படியும் தயாராகத்தான் வேண்டும்.

ஏற்பாடு வரும்வரை நாம் என்ன செய்யலாம்?

வீட்டில் யாருக்காவது கீமோ நடக்கிறது என்றால், அடுத்த சைக்கிளில் டிஸ்சார்ஜுக்கு முன் இந்த ஐந்தையும் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். நீங்கள் வெளியூரில் இருந்தால் போனிலாவது.

1. என்ன மருந்து கொடுத்தீர்கள்? கவுன்ட் எந்த நாட்களில் குறையும்?

2. காய்ச்சல் வந்தால் ராத்திரியில் எந்த ஆஸ்பத்திரிக்குப் போவது, யாருக்குப் போன் செய்வது?

3. வாந்தி மாத்திரையை வாந்தி வந்த பிறகா, வருவதற்கு முன்பேயா? (பெரும்பாலும் முன்பே.)

4. சுகர், பி.பி. மாத்திரையில் மாற்றம் உண்டா?

5. வயிற்றுப்போக்கு எத்தனை முறை போனால் வர வேண்டும்? இம்யூனோதெரபி எடுப்பவர் என்றால் இதைக் கட்டாயம் கேளுங்கள். அவர்களுக்கு வரும் வயிற்றுப்போக்குக்குக் காரணமே வேறு. கடையில் மாத்திரை வாங்கிப் போட்டு அடக்கக் கூடாது.

வீட்டில் ஒரு டிஜிட்டல் தெர்மாமீட்டர் வாங்கி வையுங்கள். சில நூறு ரூபாய்தான். பாராசிட்டமால் கொடுப்பதற்கு முன்னால் சூட்டை அளந்து நேரத்தோடு குறித்து வையுங்கள். 100.4 என்றால் கிளம்பிவிடுங்கள், விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். வண்டி இல்லையென்றால் 108. ஃபைலைப் படமெடுத்து குடும்பத்தில் எல்லோர் போனிலும் வையுங்கள். கேஷுவாலிட்டியில் சொல்லும் முதல் வாக்கியமே 'கீமோ எடுக்கிறாங்க, இன்னிக்குப் பத்தாவது நாள், காய்ச்சல்' என்று இருக்கட்டும்.

நாட்டு மருந்து, சித்தா, கஷாயம் எது எடுத்தாலும் டாக்டரிடம் மறைக்காதீர்கள். திட்டுவார் என்று நினைத்து மறைப்பதால்தான் சிக்கல் வருகிறது.

இவையெல்லாம் குடும்பங்கள் செய்ய வேண்டியவை. ஆனால் படித்த பிள்ளை இருக்கும் வீட்டுக்கு மட்டும் பாதுகாப்பான கீமோ என்றால், மாவட்டத்துக்கு சிகிச்சையைக் கொண்டுபோன நோக்கமே அடிபட்டுப் போகும். தெர்மாமீட்டர் பார்க்கத் தெரியாத பாட்டிக்கும், கூட யாருமே இல்லாத கூலித் தொழிலாளிக்கும் அந்த 20 நாள் பாதுகாப்பாக இருக்க வேண்டும்.

காப்பீட்டுத் தொகுப்புகள் கீமோவை சைக்கிள் கணக்கில் எண்ணுகின்றன. டே கேர் மையங்களை அரசு படுக்கைக் கணக்கில் எண்ணும். கூடவே இன்னும் மூன்று கணக்குகளையும் எண்ணச் சொல்லிக் கேட்போம். காய்ச்சலோடு வந்த கீமோ நோயாளிகளில் எத்தனை பேருக்கு ஒரு மணி நேரத்துக்குள் ஊசி போட்டீர்கள்? ராத்திரியில் வந்த எத்தனை அழைப்புகளை எடுத்தீர்கள்? தொடங்கியவர்களில் எத்தனை பேர் எல்லா சைக்கிளையும் முடித்தார்கள்? உங்கள் மாவட்டத்தில் மையம் திறக்கும் நாளில், ரிப்பன் வெட்டும் படத்தை ஷேர் செய்யும்போது கமென்ட்டில் இந்த மூன்றையும் கேளுங்கள்.